சுழற்சி முறை மின்வெட்டும் மூன்று கிட்டார்களும்

புதன் இரவு, டூங்காபி (சிட்னி)

அக்கா மகனுக்கு இருபது வயது. பைரன் பே பக்கம் ஒரு பண்ணையில் இரண்டு நாள் இசை விழா, அதற்கு இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். கூட வருவதாக இருந்த நண்பன் கால்பந்து ஆடப் போய்க் காலை உடைத்துக்கொண்டான். "டிக்கெட் வீணாப் போகுதுங்க மாமா, நீங்க வர்றீங்களா?" என்று வந்து நின்றான். பாசம் கொஞ்சம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணூறு கிலோமீட்டர் ஓடக்கூடிய கார் எங்கள் குடும்பத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

"யாருடா பாட வர்றாங்க?"

"நெறையப் பேர் மாமா. நான் போறது ஒரே பேண்டுக்கு. ரோலிங் பிளாக்அவுட்ஸ் கோஸ்டல் ஃபீவர்."

பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. சிட்னியில் பிறந்து வளர்ந்த பையன், அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சோமனூர்க்காரன். வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறி. 2012இல் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. கரண்ட் வந்ததும் ஓடிப் போய்த் தறியைப் போட வேண்டும், துணி கொஞ்சம் ஏறுவதற்குள் மறுபடி போய்விடும். இதற்கு அரசாங்கம் வைத்திருந்த பெயர்தான் சுழற்சி முறை மின்வெட்டு. அதையே ஒரு ராக் பேண்டு ஆங்கிலத்தில் பெயராக வைத்திருக்கிறது, கூடவே 'கடலோரக் காய்ச்சல்' என்று ஒரு வாலும் ஒட்டியிருக்கிறது. முதலில் 'ரோலிங் பிளாக்அவுட்ஸ்' மட்டும்தான் இருந்ததாம், காய்ச்சல் பிறகு வந்து சேர்ந்ததாம்.

பெயருக்காகவே வருகிறேன் என்றேன். விழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அதற்குள் இந்த பேண்டை எனக்குப் பழக்கிவிட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டேன். தெரியாத பாட்டுக்குக் கூட்டத்தில் நின்று தலையாட்டும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

"நீங்க கார் ஓட்டுங்க, பாட்டு என் பொறுப்பு" என்றான்.

அக்கா போனில், "தம்பி, அவனைத் தனியா விட்றாத சாமி" என்றாள். புளிசாதம் கட்டித் தந்திருக்கிறாள், நான்கு பேர் சாப்பிடும் அளவுக்கு.

வியாழன் இரவு, காஃப்ஸ் ஹார்பர்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஹாக்ஸ்பரி ஆற்றுப் பாலம் தாண்டும்போது முதல் பாட்டு. வரிசைப்படிதான் கேட்க வேண்டும் என்று பையன் கறாராகச் சொல்லிவிட்டான். முதலில் 2016இல் வந்த 'டாக் டைட்', அப்புறம் 2017இன் 'தி ஃபிரெஞ்ச் பிரஸ்'. இரண்டும் சிறு தொகுப்புகள். நியூகாசில் திருப்பம் வரும் முன்பே இரண்டையும் கேட்டு முடித்துவிட்டோம்.

என் தீர்ப்பை உடனே சொன்னேன். எல்லாம் ஒரே பாட்டு. கிட்டார் கடகடவென்று ஓடுகிறது, ஒருவர் பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் எதையோ சொல்கிறார், முடிகிறது. அடுத்ததும் அப்படியே.

"மாமா, பாடுறது ஒருத்தர் இல்ல. மூணு பேர்."

அங்கேதான் பாடம் தொடங்கியது. மெல்பர்ன் பேண்டு, 2013இல் ஆரம்பித்தது. ஆள் ஐந்து பேர். டாம் ரூசோ, ஃபிரான் கீனி, ஜோ வைட் மூவரும் கிட்டார் வாசிப்பவர்கள். மூவருமே பாட்டு எழுதுகிறார்கள், மூவருமே பாடுகிறார்கள். பேஸ் கிட்டார் ஜோ ரூசோ, டாமின் சகோதரர். டிரம்ஸ் மார்செல் டசி. ஃபிரான் கீனியும் ஜோ வைட்டும் கசின்கள். கசின் என்றால் பங்காளி முறையா, மாமன் மச்சான் முறையா என்று கேட்டேன். "கசின்னா கசின்தான் மாமா" என்று வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

பொதுவாக பேண்டு என்றால் முன்னால் நிற்பவர் ஒருவர் இருப்பார், மற்றவர்கள் அவருக்குப் பின்பாட்டு. இவர்களிடம் அப்படி யாரும் இல்லை. ஒரே பாட்டில் ஒருவர் எடுக்க, இன்னொருவர் நடுவில் புகுந்து பேசிவிட்டுப் போகிறார். எனக்குப் பிடிபடாமல் போனதற்கு இதுதான் காரணம். யாரைப் பின்தொடர்வது என்றே தெரியவில்லை.

அப்பா ஞாபகம் வந்தது. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டே, "மூணாவது தறியில நாடா சத்தம் மாறுது, போய்ப் பாரு" என்பார். எட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது. அதில் மூன்றாவது தறி மட்டும் எப்படித் தனியாகக் கேட்கும் என்று ஒரு தடவை கேட்டேன். "எல்லாத்தையும் கேட்டா ஒண்ணும் கேக்காது. ஒண்ணைப் புடிச்சுக்கோ" என்றார்.

சரி, ஒன்றைப் பிடிப்போம் என்று அதே தொகுப்பை மறுபடி போடச் சொன்னேன். மற்ற இரண்டும் எலக்ட்ரிக் கிட்டார், ஃபிரான் கீனி மட்டும் அக்கூஸ்டிக். ஒயர் இல்லாத மரக் கிட்டாரின் அந்த வறட்டுச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். மெட்டே வாசிப்பதில்லை அது. டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு, இடைவெளி விடாமல் வெட்டிக்கொண்டே போகிறது. அதைப் பிடித்தபின் மற்ற இரண்டும் தாமாகப் பிரிந்து வந்தன. மரக் கிட்டார் பாவு, தறியில் நெட்டுக்கு இழுத்துக் கட்டிய நூல். அதன் குறுக்கே ஜோ வைட்டின் கிட்டார், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மாதிரி ஓடி ஓடித் திரும்புகிறது. டாம் ரூசோ இரண்டுக்கும் இடையில் எங்கோ. இப்படிச் சொன்னபோது பையனுக்குப் பாவும் புரியவில்லை, நாடாவும் புரியவில்லை. கெம்ப்சி வரும்வரை தறி பற்றி நான் பாடம் எடுத்தேன். கணக்கு நேர்.

இந்த வகைக் கிட்டார் இசைக்கு 'ஜாங்கிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பிகளை அமுக்காமல் திறந்துவிட்டு ஒலிக்க விடுவது, சலங்கை மாதிரி. இந்த ஊரில் அதற்கு ஒரு மூதாதை உண்டு. பிரிஸ்பேனில் 1977இல் தொடங்கிய தி கோ-பிட்வீன்ஸ். விமர்சகர்கள் இந்த ஐவரைப் பற்றி எழுதினால் அந்தப் பெயர் வராமல் இருக்காது. பிரிஸ்பேன் ஆற்றின் மேல் 2010இல் திறந்த ஒரு பாலத்துக்கு அந்த பேண்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றான் பையன். நம் ஊரில் பாலத்துக்குப் பெயர் வாங்க என்ன பாடு பட வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் 'ஹோப் டவுன்ஸ்', 2018இல் வந்த முதல் முழு ஆல்பம். அமெரிக்காவில் இவர்களை வெளியிடுவது சியாட்டிலின் சப் பாப், நிர்வாணா என்ற ராக் பேண்டின் முதல் ஆல்பத்தை 1989இல் கொண்டுவந்த அதே கம்பெனி. ஹோப் டவுன்ஸ் என்பதை ஏதோ நம்பிக்கை, சரிவு என்று நானாகப் பொருள் பண்ணி வைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் உள்ள ஒரு இரும்புத் தாதுச் சுரங்கத்தின் பெயர் அது, தரையைத் தோண்டிக்கொண்டே போன திறந்தவெளிச் சுரங்கம். அந்த மாபெரும் பள்ளத்தின் விளிம்பில் நிற்பது போன்ற காலம் இது, பிடித்துக்கொள்ள எதையாவது தேடுகிறோம் என்ற எண்ணத்தில் வைத்தார்களாம். இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தது நாங்கள் போய்க்கொண்டிருக்கும் வடக்கு நியூ சவுத் வேல்ஸில்தான், 2017இன் குளிர்காலத்தில்.

அதில் 'மெயின்லேண்ட்' என்று ஒரு பாட்டு. டாம் ரூசோவின் தாத்தா பாட்டி சிசிலிக்கு வடக்கே உள்ள ஏயோலியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அவர் அங்கே போய்க் கடற்கரையில் சுகமாகப் படுத்திருந்த நாட்களில், அதே மத்தியதரைக் கடலில் அகதிகள் படகுகளில் வந்துகொண்டிருந்தார்கள். தாத்தா ஒரு காலத்தில் கப்பலேறிப் பிழைக்கப் போனார். பேரன் விமானத்தில் வந்து வெயில் காய்கிறான். அந்தக் கூச்சம்தான் பாட்டு. மெட்டு என்னவோ துள்ளலாக இருக்கிறது. வார்த்தையைக் கவனிக்காவிட்டால் பிக்னிக் பாட்டு என்றுதான் நினைப்போம், நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன்.

மாலையில் காஃப்ஸ் ஹார்பர். 1964இலிருந்து சாலையோரம் நிற்கும் அந்த ராட்சத வாழைப்பழத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டோம். காரவான் பூங்காவில் சின்ன கேபின். புளிசாதம் இன்னும் பாதி இருக்கிறது.

வெள்ளி இரவு, விழாத் திடல், கூடாரம்

இன்று எழுத நிறைய இருக்கிறது, கூடாரத்துக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வூல்கூல்கா. மலைச்சரிவில் வெள்ளைக் குருத்துவாரா. இங்கே வாழைத் தோட்டங்களில் வேலைக்கு வந்து, பிறகு தோட்டங்களுக்கே சொந்தக்காரர்களான சீக்கியக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. இப்போது வாழை குறைந்து எங்கும் புளூபெர்ரி வலை. கிராஃப்டனில் ஜக்கரண்டா பூத்துத் தெருவே ஊதாவாகக் கிடந்தது. பார்த்தோம், டீ குடித்தோம், கிளம்பினோம்.

இன்றைய பாட்டுக் கணக்கு 2020இல் வந்த 'சைட்வேஸ் டு நியூ இட்டாலி'. நியூ இத்தாலி என்பது கற்பனை ஊர் என்றுதான் இருவருமே நினைத்திருந்தோம். ஹார்வுட் சர்க்கரை ஆலையைத் தாண்டி, கரும்புக் காடுகளின் நடுவே நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பலகை: நியூ இத்தாலி. பையன் கத்திய கத்தலில் பிரேக்கை மிதித்துவிட்டேன். நல்லவேளை பின்னால் யாரும் வரவில்லை.

இறங்கிப் பார்த்தால் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. யூக்கலிப்டஸ் மரங்கள், ஒரு அருங்காட்சியகம், ஒரு காபிக் கடை. யூக்கலிப்டஸ் நடுவே ரோமானியச் சிலைகளின் நகல்கள். காபி நன்றாக இருந்தது, இத்தாலி என்று பெயர் வைத்துக்கொண்டு வேறு எப்படி இருக்க முடியும்?

அருங்காட்சியகத்துக்குள் பத்து நிமிடம் என்று போனவர்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். கதை இதுதான். மார்க்கி தெ ரே என்ற பிரெஞ்சுப் பிரபு பப்புவா நியூ கினி பக்கம் நியூ அயர்லாந்துத் தீவில் தனக்கொரு நாடு இருப்பதாகச் சொல்லி மனை போட்டு விற்றார். செழிப்பான மண், நல்ல தட்பவெப்பம், குடியேற வீடு. அவர் அந்தத் தீவை வாழ்நாளில் கண்ணால் பார்த்ததில்லை. நம் ஊர் மனைக்காரர்களாவது வேனில் கூட்டிப் போய்க் கல்லைக் காட்டுவார்கள், மதியச் சாப்பாடும் போடுவார்கள்.

வடக்கு இத்தாலியின் வெனெத்தோ, ஃபிரியூலி பக்கத்து ஏழை விவசாயிகள் இருந்ததை விற்றுப் பணம் கட்டினார்கள். 1880இல் பார்சிலோனாவிலிருந்து ஏறத்தாழ 340 பேர் கப்பலேறினார்கள். அந்தக் கப்பலின் பெயர் 'இந்தியா'. பலகையில் அதைப் படித்ததும் பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். போய் இறங்கினால் காடு, மழை, காய்ச்சல். கடலோரக் காய்ச்சல்தான், பகடியில்லை. சில மாதங்களில் ஏராளமானவர்கள் செத்தார்கள். மிஞ்சியவர்கள் தப்பித்து நியூ கலிடோனியா போய், அங்கிருந்து 1881 ஏப்ரலில் சிட்னி வந்து சேர்ந்தபோது 217 பேர்.

அரசாங்கம் சோறு போட்டது. ஆனால் சேர்ந்து இருக்க விடவில்லை, வேலைக்கென்று ஆளுக்கொரு திசையாகப் பிரித்து அனுப்பியது. அடுத்த வருடம் ஒருவர் இங்கே நிலம் பிடித்தார். மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட மட்டமான மண். செய்தி பரவி ஒவ்வொரு குடும்பமாக வந்து சேர்ந்தது. திராட்சை போட்டார்கள், ரொட்டி அடுப்பு கட்டினார்கள், பட்டுப்புழு வளர்த்தார்கள். அந்தப் பட்டு 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்கியது. விவேகானந்தர் போய்ப் பேசினாரே, அதே கண்காட்சியையொட்டித்தான் அந்த மாநாடும் நடந்தது. மார்க்கியை ஸ்பெயினில் பிடித்து, பிரான்சுக்குக் கொண்டுபோய் உள்ளே போட்டார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த தலைமுறைகள் பிழைப்புத் தேடி வெளியே போக, ஊர் கரைந்துவிட்டது. பட்டுப் பகுதியின் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன். எங்கள் கொட்டகையில் இப்போது தறி இல்லை. 2014இல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு நான் இங்கே வந்தேன். இதைப் பையனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் அவன் காருக்குப் போய் ஆல்பத்தை முதலிலிருந்து போட்டுவிட்டான்.

டிரம்மர் மார்செல் டசி இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர், ஆல்பத்துக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. வருடக்கணக்காக ஊர் ஊராகச் சுற்றி வாசித்து, வீடு எங்கே என்பதே மறந்துபோன நிலையில் எழுதிய ஆல்பம். ஐவரும் தங்கள் தங்கள் ஊரை மனதால் திரும்பிப் பார்க்கிறார்கள். சோகப் பாட்டுகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றில் காரில் உட்கார்ந்தபடியே காதல் முறிகிறது, பின்னால் கிட்டார்கள் ரேஸ் ஓடுகின்றன. கடைசிப் பாட்டின் பெயர் 'தி கூல் சேஞ்ச்'. இங்கே வானிலை அறிக்கையில் தினம் கேட்கும் சொல் அது. நாள் முழுக்க வெயில் காய்ந்தபின் தெற்கிலிருந்து சட்டென்று குளிர்காற்று அடிக்கும், அரை மணி நேரத்தில் பத்து டிகிரி இறங்கிவிடும். மெல்பர்ன்காரர்கள் அதற்குத்தான் ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஹோப் டவுன்ஸ்' அளவுக்கு இது முறுக்காக இல்லை. நடுவில் இரண்டு பாட்டு தொய்கிறது. பையனுக்கு இதுதான் பிடித்தது. "உங்களுக்கு ஸ்பீடு மட்டும்தான் மாமா புடிக்குது" என்றான். இருக்கலாம். ஓடாத தறிச் சத்தத்தை யார் கேட்பார்கள்?

விழாத் திடலுக்கு நாலரைக்கு வந்தோம். கைப்பட்டை கட்டினார்கள். பெட்டியைத் திறந்து மது பாட்டில் இருக்கிறதா என்று பார்த்த பெண் புளிசாதத்தை முகர்ந்து பார்த்து, "இது என்ன?" என்றாள். ஒரு ஸ்பூன் கொடுத்தோம். இன்னொரு ஸ்பூன் கேட்டாள். கூடாரத்தின் முளைகளை டூங்காபியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்துக் கூடாரத்து வயதான தம்பதி ஆறு முளை கொடுத்தார்கள், சுத்தியலும் கொடுத்தார்கள். இருபது வருடமாக விழாக்களுக்குப் போகிறார்களாம். "ஒவ்வொரு தடவையும் யாராவது மறந்துட்டு வருவாங்க, அதுக்குன்னே கூடுதலா கொண்டுவருவோம்" என்றார் அந்த அம்மா.

சனி காலை

இரவு மழை, கூடாரம் நின்றது. அந்த அம்மாவுக்கு நன்றி. பாதை முழுக்கச் சேறு, கம்பூட் போட்டவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மிச்சமிருந்தது 2022இன் 'எண்ட்லெஸ் ரூம்ஸ்'. விக்டோரியாவில் மியா மியா என்ற இடத்தில் ஏரிக்கரையில் ரூசோ குடும்பத்தார் தாங்களே கட்டிய மண்கல் வீட்டில் பதிவு செய்தது. ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு படுத்தபடியே கேட்டோம். எனக்கு ஒரு பக்கக் கிட்டார்தான் வந்தது, அவனுக்கு மறுபக்கம். பாதியில் காதை மாற்றிக்கொண்டோம்.

சனி இரவு, பதினொன்றரை

ஆறே காலுக்கு மேடை என்று போட்டிருந்தார்கள். ஐந்தரைக்கே போய் நின்றோம். கம்பிக்கு மூன்றாவது வரிசை. எனக்கு முன்னால் நின்ற பையன் தோளில் ஒரு பெண்ணைத் தூக்கி வைத்திருந்ததால் டிரம்மரை மட்டும் நான் பார்க்கவே இல்லை. எல்லாரையும் விட அவரைத்தான் பார்க்க ஆசைப்பட்டேன், அவர் ஊரில் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேனே.

மற்ற நால்வரும் சாதாரணமாக வந்தார்கள். டீ-ஷர்ட், ஜீன்ஸ், கையசைப்பு. எங்கள் ஆபீசில் கணினி ரிப்பேருக்கு வருபவர்கள் மாதிரி இருந்தார்கள். ஃபிரான் கீனி மரக் கிட்டாரை மாட்டியதும் பையன் என் விலாவில் இடித்தான். "உங்க தறி" என்றான். பாவு என்று திருத்தினேன்.

அப்புறம் ஐம்பது நிமிடம். காரில் கேட்டதை விட வேகம், காரில் கேட்டதை விடச் சத்தம். நெஞ்செலும்பில் பேஸ் இடித்தது. மூன்று நாள் பயிற்சி முதல் பாட்டிலேயே காற்றில் போய்விட்டது, மூன்று கிட்டாரும் ஒரே சுவராக வந்து அடித்தன. நான்காவது பாட்டில் கண்ணை மூடிக்கொண்டேன். மரக் கிட்டார் எங்கே என்று தேடினேன். இடப்பக்கம், டிரம்ஸுக்கு அடியில், கிடைத்தது. அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். குறுக்கே ஓடுவது ஜோ வைட், நடுவில் நிற்பது டாம் ரூசோ. குரல் வந்தது. பையன் காதில் குனிந்து, "பாடறது டாம்" என்றேன், அப்பா தோரணையில்.

"கண்ணைத் திறங்க மாமா" என்றான்.

ஜோ வைட் மைக்கில் வாயை வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். டாம் ரூசோ ஓரமாகத் திரும்பி நின்று கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

நாளை காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் டூங்காபி. முளைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.